இன்றைக்கு விழுகிற முறை

என் வகுப்பு வக்கீலம்மாவின் முழங்காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தபோதுதான் என் திட்டம் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. சிராய்ப்பு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை வாரத்துக்கு இரண்டு தடவை விழுந்தால் வீட்டில் கேட்பார்களே. பார்த்து ஓடக்கூடாதா என்று கடிந்துகொண்டேன். அவள் பக்கத்தில் நின்ற சிநேகிதியைக் காட்டி எனக்குப் பொறுமையாக விளக்கினாள்.

"நான் ஓடலை மிஸ். இன்னைக்கு நான் விழுற முறை. நாளைக்கு அவ விழுவா, நான் தூக்குவேன்."

வகுப்பின் பின்சுவரில் ஓர் அட்டை மாட்டியிருந்தேன். அதில் இருபத்திரண்டு பிள்ளைகளின் படங்கள். யாராவது யாருக்காவது உதவினால் படத்துக்கு நேரே ஒரு ஸ்டார் ஒட்டுவேன். அன்பாக இருக்கிற பிள்ளை சந்தோஷமாக இருக்கும், அதை இந்த வயதிலேயே பழக்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே மாதத்தில் அட்டையில் இடமில்லை. தலைமை ஆசிரியை பார்த்து மெச்சினார். வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து மூன்று பேர் பார்க்க வருகிறார்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த வருடம் எல்லா வகுப்பிலும் இதுதான், பொறுப்பு உங்களுக்கு என்றார். இரண்டு நாள் என் கால் தரையில் பாவவில்லை.

இங்கே பார்த்தால் தண்ணீர் பாட்டில்கள் தானாக உருளவில்லை, உருட்டப்பட்டிருக்கின்றன. பென்சில்கள் தொலைக்கப்பட்டுக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் முறை வைத்து, சண்டை சச்சரவில்லாமல். ஏற்பாடு வக்கீலம்மாவுடையது. எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பவள் என்பதால் ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்த பெயர் அது. பதினேழு ஸ்டார் வைத்திருந்தாள். தினமும் காலையில் பையைக்கூடக் கழற்றாமல், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மற்றவர்களுடையதை எண்ணுவாள். ஒரு மாதமாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேனா என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

ஸ்டாரே இல்லாதவன் நிதானம் ஒருவன்தான். அதுவும் நாங்கள் வைத்த பெயர். வகுப்புக்குள் எல்லோரும் சாக்ஸோடு இருப்பார்கள். இடைவேளை மணி அடித்ததும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டு ஊஞ்சலுக்குப் பறப்பார்கள். நிதானம் மட்டும் பெஞ்சில் மிச்சமிருப்பான். யாராவது கை வைத்தால் காலை இழுத்துக்கொள்வான். தானேதான் போட வேண்டும்.

அன்று மாலையே அட்டையைக் கழற்றினேன். தலைமை ஆசிரியைக்கு முகம் மாறிவிட்டது. ஒரு நாளைக்கு மாட்டிவையுங்கள், அவர்கள் போனதும் கழற்றிக்கொள்ளலாம் என்றார். பிள்ளைகளை விழவைத்த அட்டையை மறுபடி மாட்ட எனக்குக் கை வரவில்லை. முடியாது என்றேன். அப்படியானால் வருகிறவர்களிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வக்கீலம்மா வெறும் சுவரைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஸ்டார் இல்லைன்னா எதுக்கு மிஸ் தூக்கணும்?"

விழுந்தவர்களுக்கு வலிக்குமே என்றேன். எனக்கும்தான் வலித்தது என்று முழங்காலைக் காட்டினாள். நியாயம்தான். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் விழவில்லை, யாரும் யாரையும் தூக்கவுமில்லை. யாருடைய பாட்டிலோ நடுவில் கிடந்தது, இருபத்திரண்டு பேரும் தாண்டிப் போனார்கள். அடுத்த வருடப் பொறுப்பு போனாலும் போகட்டும், இந்தப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டேனே என்பதுதான் என்னை அரித்தது.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் நோட்டை மூடிவைத்தார். தலைமை ஆசிரியை என்னைப் பார்க்கவே இல்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

வழக்கம்போல் வக்கீலம்மாதான் முதலில் ஷூவை மாட்டி எழுந்தாள். மற்றவர்கள் அவள் பின்னாலேயே ஓடினார்கள். படிவரை போனவள் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் நிதானம், கையில் முதல் ஷூ. அவள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் ஷூ இரண்டையும் கழற்றிக் கீழே போட்டாள்.

"எனக்கும் வர மாட்டேங்குது," என்றாள் அவனிடம்.

நிதானம் அவள் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, எப்படிக் காலை நுழைக்க வேண்டும், எதை எங்கே இழுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வக்கீலம்மா ஒரு எதிர்க்கேள்வியும் கேட்காமல் அப்படியே செய்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு இன்னும் ஷூ போடத் தெரியாதா?" என்று தலைமை ஆசிரியை என் காதோரம் கேட்டார்.

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அதுவும் ஒரு ஸ்டார் ஆகிவிடும். விழுங்கிக்கொண்டேன்.

"போட்டுடுவா. கொஞ்ச நேரமாகும்," என்றேன்.

நான் சொல்லிக்கொடுத்ததல்ல அது. ஆனாலும் என் வகுப்புப் பிள்ளை. பெருமையில் எனக்கு மூச்சு முட்டியது.

அவர்கள் எழுந்தபோது ஊஞ்சல் ஒன்றும் காலியில்லை. இருவரும் அந்தப் பக்கம் போகவுமில்லை. கையைக் கோத்துக்கொண்டு வாசல் படியிலிருந்து குதித்தார்கள், ஏறி வந்து மறுபடி குதித்தார்கள். வக்கீலம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். நான்கு ஷூக்களும் கால் மாறியிருந்தன.