பனிதா பயப்படவில்லை

பள்ளித் தலைவி தேர்தலில் கார்குழலி ஜெயித்தது பதினோரு வாக்கு வித்தியாசத்தில். அந்த வாக்குகள் எங்கிருந்து வந்தன என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

புதுச்சேரியில் அவள் பதினொன்றாம் வகுப்பு படித்த அந்த அரசுப் பெண்கள் பள்ளியில் ஒடிசாப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். தட்டாஞ்சாவடி கம்பெனிகளுக்கு வேலை தேடி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பு பனிதா அவர்களுக்கெல்லாம் பெரியவள். வந்த ஐந்து வருஷத்தில் தமிழை இங்கே பிறந்தவள் மாதிரி பேசினாள். மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து, "குழலி அக்காவுக்குப் போடு" என்று கேட்டது அவள்தான். காரணம், குழலி கொடுத்திருந்த வாக்குறுதி. இந்தப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் என்னென்ன மொழி பேசுகிறார்களோ, அத்தனையிலும் ஆண்டு விழா வரவேற்பு இருக்கும் என்று சொல்லியிருந்தாள்.

சொன்னபடி ஐந்து பேரைச் சேர்த்தாள். தமிழுக்குச் சுடர்விழி. ஏனாமிலிருந்து வந்த பெண் ஒருத்தி தெலுங்குக்கு, மாகேக்காரர் மகள் மலையாளத்துக்கு, ஒடியாவுக்குப் பனிதா. பிரெஞ்சுக்குப் பூர்ணிமா. பூர்ணிமா வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது, அவள் பாடமாகப் படித்ததுதான். ஆனாலும் பிரெஞ்சு இல்லாமல் புதுச்சேரியில் விழாவா என்று எல்லோரும் சொன்னார்கள். போதாததற்கு அவள் மூலக்குளத்தில் குழலியின் அடுத்த தெரு. ஆறாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பொறுப்பாசிரியை தாமரைச்செல்வி குழலியைக் கூப்பிட்டார்.

"நேரம் பத்தலம்மா. நாலு பேர் போதும். யார எடுக்கலாம், நீயே சொல்லு."

பூர்ணிமா என்று சொல்ல அவள் வாய் திறந்தது. பூர்ணிமாவின் முகம் கண்முன் வந்தது. பெயரை எடுத்தால் ஒரு மாசத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பேசமாட்டாள்.

"பனிதா பயமா இருக்குன்னா மிஸ். அவளே வேணாம்னுட்டா."

"அப்பச் சரி" என்று அவர் பெயரை அடித்துவிட்டார். அவ்வளவு சுலபமாக முடிந்தது.

பனிதாவிடம் வேறு சொன்னாள். "நேரம் இல்லன்னு மிஸ் ஒன்ன எடுத்துட்டாங்க பனிதா. நா எவ்ளோ சொல்லியும் கேக்கல."

"பரவால்லக்கா. நீங்க கேட்டீங்க இல்ல, அதுவே போதும்" என்றாள் பனிதா.

விழா அன்று குழலிதான் மேடையில் தொகுத்துப் பேசினாள். நான்கு மொழிகளும் முடிந்து கைதட்டல் எழுந்தபோது, மூன்றாம் வரிசையில் நீலச்சேலை கட்டிய ஒரு பெண் கைதட்டாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பனிதா உட்கார்ந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். பனிதாவின் அம்மாதான். பாக்கெட் போடும் கம்பெனியில் அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தாள். மகள் முன்னமே வர வேண்டாம் என்று சொல்லியும், ஒருவேளை கூப்பிட்டுவிடுவார்கள் என்று வந்துவிட்டாளாம்.

விழா முடிந்து நாற்காலி அடுக்கும்போது தாமரைச்செல்வி டீச்சர் பனிதாவின் தோளைத் தட்டினார். "ஏம்மா, இதுக்கெல்லாம் பயப்படலாமா? அடுத்த வருஷம் தைரியமா பேசணும்."

பனிதா டீச்சரைப் பார்த்தாள். பிறகு, இரண்டு நாற்காலி தள்ளி நின்ற குழலியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம்.

"சரி மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த 'சரி மிஸ்' குழலியை விடவில்லை. திங்கட்கிழமை டீச்சரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டாள். அவர் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலை நிமிர்ந்து, "இப்ப வந்து சொல்றியே குழலி. விழாவே முடிஞ்சு போச்சு, விடு" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடிக்குப் போனாள். கம்பெனிச் சுவரை ஒட்டி வரிசையாகத் தகரக்கூரை வீடுகள். குழலியைக் கண்டதும் பனிதாவின் அம்மா முகம் மலர்ந்து, பொரியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கலந்து ஒரு கிண்ணத்தில் நீட்டினாள். அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தைதான், ஒடியாவில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று குழலி கேட்டாள்.

"நீங்க வீடு தேடி வந்ததுக்கு சந்தோசமாம்."

குழலி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நா பொய் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லு பனிதா. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் பனிதா. அம்மாவுக்குச் சந்தேகம் வராதபடி சிரித்த முகமாகவே பேசினாள். "நா பயந்துட்டேன்னுதான் அம்மாகிட்ட நானும் சொல்லி வச்சிருக்கேன். நம்மள வேணாம்னு ஒதுக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா மனசு விட்டுடும். தங்கச்சிய வர்ற வருஷம் இதே ஸ்கூல்லதான் சேக்கணும். இங்க சேக்காம ஊருக்கு அனுப்பிட்டா என்னா பண்றது?"

குழலி கிண்ணத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"ஆனா கிளாஸ்ல எல்லாம் என்னப் பயந்தாங்கொள்ளின்றாளுங்க. அத நீங்கதான் மாத்தணும்க்கா. இங்க இல்ல, அங்க."

மறுநாள் காலை வழிபாட்டில் உறுதிமொழி சொல்லி முடித்ததும் குழலி ஒலிபெருக்கியை விட்டு நகரவில்லை. "பனிதா பயப்படல. அவ பேசத் தயாரா இருந்தா. பயந்துட்டான்னு நான் பொய் சொல்லி அவ பேர எடுக்க வச்சேன்" என்றாள். வரிசைகளில் சலசலப்பு எழுந்து அடங்கியது. தலைமையாசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டு நெடுநேரம் திட்டினார், பதவியை எடுக்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்று அவளே கேட்டும், வருஷக் கடைசியில் இன்னொரு தேர்தலா என்று மறுத்துவிட்டார். 'யார எடுத்துட்டு அவளப் போட்டிருப்ப?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்ட பூர்ணிமா, 'ஒன்னத்தான்' என்ற பதிலைக் கேட்டதும் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை வழிபாட்டில் பேசும்படி தாமரைச்செல்வி டீச்சர் பனிதாவைக் கேட்டுக்கொண்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். தாளில்லாமல் வந்து நின்று ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக ஒடியாவில் பேசினாள். சின்ன வகுப்பு வரிசைகளில் அங்கங்கே சில தலைகள் நிமிர்ந்தன. ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துப் பிள்ளை 'என்னாடி, என்னாடி' என்று அவளை இடித்தது.

குழலி நான்கடி தள்ளி நின்றிருந்தாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதில் தன்னைப் பற்றி ஏதும் இருந்ததா என்று தெரியவில்லை. படியிறங்கி வந்த பனிதாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். கேட்கத் தனக்கு உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.