யாளியிடம் மின்னா பேசியது

ஹில்டா தன் கதையை எழுதியது முழுக்கக் கைபேசியில்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மதியம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தால், மணி அடிக்கும்வரை தட்டிக்கொண்டிருப்பாள். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் ஒரு கதைச் செயலியில் ஏறும்.

ஏரிக்கு அடியில் மூழ்கூர் என்று ஓர் ஊர். அந்த ஊரைக் காத்துவந்த யாளி வெறி பிடித்து, மனிதர்களை விழுங்க ஆரம்பிக்கிறது. புலவர்களும் தளபதிகளும் தோற்றுத் திரும்ப, கரையில் மீன்கூடை கழுவும் மின்னா என்ற பெண் அதன் எதிரே போய் நிற்கிறாள். பிறகு அவளே மூழ்கூருக்கு ராணியாகிறாள். இதுதான் கதை.

தொடக்கத்தில் மின்னா சுத்தமான தமிழில்தான் பேசினாள். ராணியாகப் போகிறவள் அப்படித்தான் பேசுவாள் என்று ஹில்டாவும் நினைத்திருந்தாள். மூன்று அத்தியாயம் போயும் படிக்க ஆளில்லை. நாலாவதை ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டே எழுதினாள். இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், தன் வீட்டில் பேசுகிற மாதிரியே மின்னாவைப் பேசவிட்டுத் திருத்தாமல் ஏற்றிவிட்டாள். ராத்திரி பார்த்தால் கீழே ஒரு கருத்து: "இப்பதான் இந்தப் பொண்ணுக்கு மூச்சு வந்துகீது." போட்டவர் பெயர் 'ஷோபி, குமணன்சாவடி.'

அதன் பிறகு ஹில்டா திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்கள் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் பதில் எழுதினாள். யாளியைக் கொல்லலாமா கூடாதா என்று வாசகர்கள் ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். "மின்னா இந்த எடத்துல அழமாட்டா, நீங்க தப்பா எழுதிட்டீங்க" என்று ஒருவர் சொல்ல, ஹில்டா யோசித்துப் பார்த்து அந்தப் பத்தியையே தூக்கினாள். வேறொருவர் மின்னாவுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கச் சொல்லி மாதக்கணக்கில் கெஞ்சினார். அதற்கு மட்டும் மசியவில்லை.

கதை முடிந்த சமயத்தில் ஹேமநாதன் தொலைபேசியில் கூப்பிட்டார். நகரத்தில் பெயர் பெற்ற பதிப்பகம் ஒன்றை நடத்துகிறவர். கதையை வரி வரியாகப் படித்திருந்தார். யாளியின் வயிற்றுக்குள் எரியும் விளக்கைப் பற்றி அவர் பேசியபோது, தன் கதையை இத்தனை கவனமாகப் படித்தவர் வேறு யாரும் இல்லை என்றே ஹில்டாவுக்குத் தோன்றியது.

"ஒரே ஒரு விஷயம் மேடம். மின்னாவோட பேச்சை மட்டும் மாத்திடலாமா? பள்ளிக்கூட நூலகங்களுக்கு அனுப்பலாம்னு இருக்கேன்."

"அது முடியாது சார். அவ பேச்சுதான் அவ."

"சரி, உங்க இஷ்டம்" என்றார் அவர். ஒப்பந்தம் வந்தது. செயலியிலிருந்து கதையை எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது, எடுத்தாள். மொழியைச் செம்மை செய்யும் உரிமை பதிப்பகத்துக்கு உண்டு என்றும் ஒரு வரி இருந்தது. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை பார்ப்பார்கள் என்று புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டாள்.

வெளியீட்டு விழா வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரிக் கூடத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் ஹில்டாவும் அவள் கணவன் ரிச்சர்டும் மேனாம்பேட்டிலிருந்து வண்டியில் கிளம்பிப் போனார்கள். கூடத்தில் பாதிக்கு மேல் மாணவர்கள். பின்வரிசையில், செயலியில் மட்டுமே தெரிந்திருந்த வாசகர்கள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் மேசை போட்டுப் புத்தகத்தை அடுக்கியிருந்தார்கள். அட்டையில் யாளி நன்றாக வந்திருந்தது. ஹில்டா அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிரிக்க நேரமில்லை, யார் யாரோ வந்து கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் புத்தகமும் கையுமாக அவளிடம் வந்தாள். முப்பது வயது இருக்கும்.

"க்கா, நான்தான் ஷோபனா. குமணன்சாவடி."

"ஷோபியா! வா, வா!" ஹில்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷோபனா கையை விடுவித்துக்கொண்டாள். "துணிக்கடையில லீவு சொல்லிட்டு வந்தேன்க்கா. இத்த நீங்களா எழுதினீங்க?"

அவள் பிரித்துக் காட்டியது, யாளியின் எதிரே மின்னா நிற்கும் பக்கம். மின்னாவின் அம்மாவை அது விழுங்கிவிட்ட மறுநாள். ஹில்டா படித்தாள்:

'ஓ யாளியே! என் அன்னையை விழுங்கிய நீ ஏன் இங்ஙனம் ஆர்ப்பரிக்கின்றாய்? அவள்தன் பூவுடலை எனக்கு அளிப்பாயாக. ஈமக்கடன் ஆற்றும் உரிமை எனக்குண்டு!'

அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் அப்படித்தான். புத்தகம் முழுக்க மின்னா அப்படித்தான் பேசினாள்.

"செல்லுல இருந்ததையும் எட்த்துட்டீங்க" என்றாள் ஷோபனா. "இதுலயும் அவ இல்ல. அப்போ மின்னா எங்க கீறா?"

ஹில்டாவுக்குக் காது சூடாகிவிட்டது. வாசல் மேசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்து அறைக்குப் போனாள். ஹேமநாதன் அங்கே சிறப்பு விருந்தினருக்குப் போர்த்த வேண்டிய சால்வையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுன்னு சொன்னேனே சார்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சால்வையை நாற்காலியில் வைத்தார். "மொழிச் செம்மை ஒப்பந்தத்துல இருக்கு மேடம். உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன். நூலகக் குழுவுல இருக்கறவங்க முதல் பக்கத்துலயே மூடி வச்சிடுவாங்க. நான் ஒண்ணும் முழுக்க அழிச்சிடலையே. அந்தத் திருட்டுக் கும்பல், சாராயக்கடைக் காவலாளி, அவங்க பேசறதெல்லாம் நீங்க எழுதினபடியே விட்டிருக்கேன், பாருங்க."

ஹில்டா பார்த்தாள். விட்டிருந்தார். திருடன் 'இன்னா' என்றான். காவலாளி 'கீறேன்' என்றான். மின்னாவும் அவள் அம்மாவும் மட்டும் கல்வெட்டு மாதிரி பேசினார்கள்.

"திருடன் பேசினால் பரவாயில்லை, ராணி பேசினால்தான் தவறா?"

"நான் வச்ச வழக்கம் இல்லையே அது. ராணி இப்படிப் பேசினா ஜனங்க சிரிப்பாங்க."

பின்னாலேயே வந்த ரிச்சர்ட் அவள் தோளைத் தொட்டான். "இன்னிக்கு உட்டுடு ஹில்டா. எல்லாரும் வந்துட்டாங்க. நாளைக்குப் பேசிக்கலாம்."

அவன் குரல் காதில் விழுந்தபோதுதான், தான் இவ்வளவு நேரம் ஹேமநாதனிடம் எந்தத் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை ஹில்டா கவனித்தாள். கம்பெனி மேலாளரிடம் பேசுகிற தமிழ். பள்ளியில் பேச்சுப்போட்டிக்குப் பழகிய தமிழ். 'பரவாயில்லை', 'தவறா.' மின்னாவுக்காகச் சண்டை போடக்கூட மின்னாவின் வாயை அவள் எடுத்துவரவில்லை.

"நாளிக்கு இன்னாத்தப் பேசறது?" என்றாள் ரிச்சர்டைப் பார்த்து. "புக்கு இன்னிக்கில்ல விக்குது."

மேடையில் வரவேற்புரை முடிந்து அவளைக் கூப்பிட்டார்கள். புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஹில்டா ஒலிபெருக்கியின் முன்னே போய் நின்றாள். புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தப் புக்குல என் பேரு கீது. ஆனா உள்ள இருக்கற மின்னா நான் எழுதினவ இல்ல" என்றாள். "என்னைக் கேக்காம அவ பேச்ச மாத்திட்டாங்க. அதனால யாரும் இத்த வாங்காதீங்க. வாங்கினவங்க திருப்பிக் குடுத்துடுங்க. நான் எழுதினது எங்கிட்ட கீது. அத்தப் படிக்கறேன்."

ஹேமநாதன் எழுந்து பாதி தூரம் வந்து நின்றுவிட்டார். ஹில்டா கைபேசியைத் திறந்து, அந்த இடத்தைத் தேடி எடுத்து வாசித்தாள்:

"'எங்கம்மாவ நீ முயுங்கிட்டே. இன்னாத்துக்கு இப்போ கத்திகினு கீறே?'"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. கூடத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அந்தப் பேச்சைக் கேட்டால் சிரிக்க வேண்டும் என்று பழகியவர்கள். சினிமாவில் அடி வாங்குகிறவன்தான் அப்படிப் பேசுவான். ஹேமநாதன் சொன்னது நடந்துவிட்டது.

ஹில்டா நிறுத்தினாள். சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"இது சிரிக்கற எடம் இல்ல" என்றாள். "அவ ஆத்தா செத்துப் போயிகீறா. மொதல்லேருந்து படிக்கறேன்."

மறுபடியும் அதே வரியைப் படித்தாள். இந்தத் தடவை இரண்டு மூன்று பேர்தான். ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். ஹில்டா மறுபடியும் நிறுத்தினாள். அவன் நிமிரும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் ஏறிக்கொண்டே வந்தது. இன்னிக்குப் பொழுது சாய்ந்தாலும் சரி, இந்த ஒரு பக்கத்தை இவர்கள் கேட்காமல் போகக் கூடாது என்று நினைத்தாள்.

மூன்றாம் முறை தொடங்கினாள்.

"'எங்கம்மாவ நீ முயுங்கிட்டே. இன்னாத்துக்கு இப்போ கத்திகினு கீறே? வலிக்குதா? வலிக்கட்டும். பெரிய பெரிய ஆளுங்க வந்து உன்னியப் பாட்டா பாடினாங்க, நீ அவங்களையும் துன்னுட்டே. எனக்குப் பாட்டு வராது. அம்மாவ வெளிய உடு. நான் எட்துகினு போயி பொதைக்கணும். நீ உடறவரிக்கும் நான் இங்கியேதான் நிப்பேன். துன்னறதுன்னா துன்னு. உள்ள வந்தும் இதையேதான் கேப்பேன்.'"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹில்டா அத்தியாயத்தை முடித்துவிட்டுக் கீழே இறங்கினாள். கொஞ்சம் பேர் கைதட்டினார்கள், நிறையப் பேர் தட்டவில்லை. சிறப்பு விருந்தினர் தன் பேச்சில் மேடை நாகரிகம் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். வாசல் மேசையில் ஷோபனா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அயனம்பாக்கம் வழியாகத் திரும்பும்போது ரிச்சர்ட் ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்தினான். தலையைத் திருப்பாமலே சொன்னான்: "நீ மேடையில நம்ம ஊட்ல பேசறாப்ல பேசினியா, மொதல்ல எனக்கு வெக்கமாப் போச்சு. அவனுங்க சிரிச்சப்போ எயுந்து போயிடலாம்னுகூட இருந்துச்சு."

"அப்பால?"

"அப்பால அவனுங்கள அடிக்கலாம்னு இருந்துச்சு."

ஹில்டா அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தாள்.

ஹேமநாதன் சில நாள் கழித்துக் கூப்பிட்டார். எழுதியவளே வேண்டாம் என்று சொன்ன புத்தகத்தைப் பள்ளிகளுக்கு எப்படி அனுப்புவது என்று வருத்தமும் கோபமுமாகப் பேசினார். கடைசியில் ஒரு வழி சொன்னார். மின்னாவின் பேச்சை அவள் எழுதியபடியே போட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, பக்கத்தின் அடியில் நல்ல தமிழில் பொருள் தரலாம்.

"திருடனுக்கும் அடியில பொருள் போடுவீங்களா சார்?"

"அவங்க பேசறது கதைக்கு அவ்வளவு முக்கியம் இல்லையே."

"அப்போ வேணாம். ராணி பேசறதுக்கு யாரும் கீழ நின்னு அர்த்தம் சொல்ல வேணாம்."

"வேற யாரும் போடமாட்டாங்க மேடம். யோசிச்சுக்குங்க."

"போடாட்டிப் போவுது."

"நீங்க அன்னிக்குப் படிச்சதை நானும் கேட்டேன்" என்றார் ஹேமநாதன். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் விக்கணுமே." அந்த வாரமே ஒப்பந்தத்தை ரத்து செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அந்தப் புத்தகங்கள் என்ன ஆயின என்று ஹில்டா கேட்கவில்லை.

அவர் சொன்னது பொய்யாகவில்லை. வேறு இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். ஒன்று பதிலே போடவில்லை. மற்றொன்று ஹேமநாதன் கேட்டதையே கேட்டது. அவர்களுக்கும் முடியாது என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்கு அழுகை வந்தது. கடை அலமாரியில் தன் புத்தகம் நிற்பதைப் பார்க்க அவளுக்கும்தான் ஆசை.

கதையைத் திரும்பச் செயலியில் ஏற்றினாள். பழைய வாசகர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். புதிதாகவும் சிலர் வந்தார்கள். கல்லூரிக் கூட்டத்தில் வாயைப் பொத்தியவன் தான்தான் என்று ஒருவன் எழுதியிருந்தான். அவனுக்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டாள்.

பிறகு இரண்டாம் பாகம் தொடங்கினாள். மின்னா இப்போது அரியணையில் இருக்கிறாள். அண்டை நாட்டுத் தூதுவன் வந்து, அரசியார் தம் மொழியைத் திருத்திக்கொண்டால்தான் உடன்படிக்கை என்கிறான். மின்னா அவனை உட்காரவைத்துச் சோறு போட்டு, வந்த வழியே அனுப்பிவிடுகிறாள்.

அத்தியாயம் ஏறிய அன்று கருத்துகள் குவிந்தன. திருநெல்வேலியிலிருந்து ஒருவர், "கதை பிரமாதம். ஆனா எங்க ஊர்க்காரங்களுக்குப் பாதி வார்த்தை புரியல. கொஞ்சம் பொதுவா எழுதக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். ஹில்டா பதில் எழுத உட்காருவதற்குள் ஷோபனா முந்திக்கொண்டு எழுதியிருந்தாள்: "அண்ணாத்தே, எந்த வார்த்தைன்னு கேளுங்க, நான் சொல்றேன். ஆனா அவ மாத்திக்கமாட்டா."

அதற்குக் கீழே அந்தத் திருநெல்வேலிக்காரர் நாலு வார்த்தைகளைக் கேட்டு எழுதியிருந்தார். மதிய மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, ஹில்டா அடுத்த அத்தியாயத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.