குன்றுப் பாதைக்குச் சாட்சி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் இருக்கிறவர்களும் இப்படி நகர்ந்து உட்காருங்கள், அங்கே ஊதல் காற்று அடிக்கும். நம் பிராக்கன்லியில் நடந்த கதை ஒன்று சொல்லப் போகிறேன். சண்டையும் இல்லை, சாவும் இல்லை. ஒரு மனிதர், ஒரு பாதை, அவ்வளவுதான்.

ஹெட்லி டிராஸ்க்கைப் பஸ் ஓட்டுநராகத்தான் ஊருக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் ஓட்டினார். இறங்குகிறவர்கள் "நன்றி" சொல்லிவிட்டு இறங்குவார்கள், இவர் தலையாட்டுவார். ஒரு நாளைக்கு இருநூறு நன்றி. ஓய்வு பெற்ற மறுநாள் ஒன்றுகூட இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கூடப் பிறந்தவர்களும் கிடையாது. சமையலறையில் வானொலி பேசும், இவர் கேட்டுக்கொண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவார்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கிழமை. அன்று காலை கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் இருக்கும் மரப்படியில் ஏறி, வேலிக்கு அந்தப் பக்கம் இறங்குவார். செம்மறி மேயும் சரிவு, அப்புறம் இரண்டு பக்கமும் வேர்கள் தொங்குகிற பள்ளப்பாதை, ஓடைக்கு மேல் ஒற்றைப் பலகை, ரோமானியர் காலத்து மைல் கல் என்று சொல்லப்படுகிற ஒரு முண்டுக்கல். அதையும் தாண்டினால் குன்றின் உச்சியில் கூரையில்லாத பழைய தேவாலயம். கொள்ளைநோயில் பாதி ஊர் செத்துப்போக, மிச்சப் பேர் கீழே இறங்கி வந்துவிட்டார்களாம். கோயில் மட்டும் மேலேயே நின்றுவிட்டது. அங்கே உட்கார்ந்து பன்றிக்கறிப் பணியாரத்தைத் தின்று, பிளாஸ்க்குத் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார். இருபத்தாறு வருடம் இப்படி.

வழியில் ஆம்ப்ரோஸ் கௌலிங்கின் பண்ணை. அதன் வாசல் கதவருகே ஒவ்வொரு ஞாயிறும் நின்று, "இப்படிப் போலாங்களா?" என்று கேட்பார். "போங்க போங்க, புல்லைத் தேய்ச்சிடாதீங்க" என்பார் ஆம்ப்ரோஸ். அதே கேள்வி, அதே பதில், இரண்டு பேருக்கும் அதே சிரிப்பு. ஹெட்லிக்கு வாரத்தில் மனிதரோடு நடக்கிற பேச்சு பெரும்பாலும் அது ஒன்றுதான்.

ஆம்ப்ரோஸ் போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துபோனார். நகரத்துக்காரர் ஒருவர் பண்ணையை வாங்கினார். வசந்தத்தில் ஹெட்லி போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. "தனியார் நிலம், இங்கே பாதை இல்லை" என்று ஒரு பலகை. நகரத்துக்காரர் பலகையில் சொன்னதும் பொய்யில்லை. மாவட்ட வரைபடத்தில் அந்தப் பாதை கிடையாது. ஹெட்லி பூட்டைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வீட்டுக்கு வந்து கையோடு கொண்டுபோன பணியாரத்தைத் தட்டில் வைத்துச் சாப்பிட்டார். அன்றைய பொழுது எப்படிப் போனது என்று அவருக்கே தெரியாது.

ரோவீனா பீக் சும்மா இருக்கிற பெண் இல்லை. நம் ஊர் நடைபாதைகளுக்கெல்லாம் அவள்தான் காவல். பாதையைத் திறக்கச் சொல்லி மாவட்ட மன்றத்துக்கு எழுத, பொது மண்டபத்தில் மேசை போட்டு, சாட்சித் தாள்களை அடுக்கி வைத்துவிட்டாள். நம் நாட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு வழியில் இருபது வருடம், ஒளியாமல், பூட்டை உடைக்காமல், யாரையும் கேட்காமல் ஜனங்கள் நடந்திருந்தால் அது ஜனங்களுடைய பாதை.

"வாங்க ஹெட்லி! உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். சாட்சி சொல்லக் கைவசம் ஏழு பேர் இருக்காங்க. எல்லாரும் பன்னெண்டு வருஷத்துக்குள்ள ஊருக்கு வந்தவங்க. அதுக்கு முந்தின காலத்துக்கு நீங்கதான். எத்தனை வருஷம் நடந்தீங்க?"

"இருபத்தாறு."

"தங்கம்! மழையில?"

"மழையிலயும்தான். பனியில ஒரு தடவ விழுந்தேன்."

"விழுந்ததையும் எழுதிக்கிறேன். யார்கிட்டயும் அனுமதி கேக்கல, இல்லையா?"

"கேட்டேனே. ஒவ்வொரு ஞாயிறும்."

ரோவீனாவின் பேனா நின்றது. "எதுக்கு ஹெட்லி? யாராவது கேக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. மரியாதைக்குத்தான்."

"ஐயோ மனுஷா! அனுமதி வாங்கி நடந்தா அது அவர் விட்ட வழி, நம்ம பாதையில்ல. உங்க இருபத்தாறு வருஷமும் செல்லாது." அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கேக்கலன்னு போட்டுடுங்க. ஆம்ப்ரோஸ் எந்திரிச்சு வந்தா சொல்லப் போறாரு?"

ஹெட்லி தாளைப் பார்த்தார். அதில் ஒரு கட்டத்துக்குள் ஒரு குறி போட்டால் பாதை திறந்துவிடும். ஆனால் நான் கேட்கவே இல்லை என்று எழுதினால், ஆம்ப்ரோஸ் பதில் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். இருபத்தாறு வருடத்துப் பேச்சும் நடக்காத பேச்சாகிவிடும். அவரிடம் இருந்ததே அவ்வளவு பேச்சுதான்.

"முடியாதும்மா," என்றார்.

"அப்ப பாதை போச்சு."

வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் அலமாரியிலிருந்து நடைக்குறிப்புப் புத்தகங்களை எடுத்து மேசையில் பரப்பினார். வானிலை, ஆட்டுக்குட்டிகளின் எண்ணிக்கை, எதிரே வந்தவர்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. ஆள்களுக்கு மட்டும் பெயர் இல்லை. "சாம்பல் நாய்க்காரர்." "பாடிக்கொண்டு போகிறவர்." "மஞ்சள் மழைக்கோட்டு." இந்த மஞ்சள் மழைக்கோட்டுதான் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. இருபத்து மூன்று வருடமாக, கோயிலுக்கு அந்தப் பக்கச் சரிவிலிருந்து ஏறி வருகிற பெண். இவர் தொப்பியைத் தொடுவார், அவர் தலையசைப்பார். பெயர் கேட்டதில்லை. நம் ஆட்கள் அப்படித்தானே. வழிவிடச் சொல்லி ஆயிரம் தடவை கேட்போம், பெயரை ஒரு தடவை கேட்க மாட்டோம்.

குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் ஸ்டோவ்கோட். பூட்டு விழுந்துவிட்டதால், அந்தப் பெண்ணைச் சாட்சி கேட்கப் பஸ் பிடித்துப் பதினோரு மைல் சுற்றிப் போனார். அஞ்சலகக் கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "மஞ்சக் கோட்டா? தோரா பென்னிக். அந்தக் கோட்டக் கழட்டிட்டா அவங்களுக்கே அவங்கள அடையாளம் தெரியாதே! நீல வாசல், மூணாவது வீடு."

நீல வாசல் திறந்தது. கோட்டு இல்லாமல் அந்தப் பெண் சின்னவராகத் தெரிந்தார்.

"மன்னிக்கணும், தொந்தரவுக்கு..."

"அட, தொப்பி!" என்றார் தோரா. "நீங்க அந்தத் தொப்பிதானே? குன்றுக்குக் கீழ உங்களப் பாத்ததே இல்லையே. உங்களுக்கு ஒண்ணும் ஆயிடலையே? நாலு வாரமா ஆளக் காணோம். நான் இந்தப் பக்கத்துலேருந்து ஏறி, கோயில் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போனேன்."

ஹெட்லி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தன்னை ஒருவர் காணோம் என்று நினைத்திருக்கிறார் என்பதைக் கேட்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அப்புறம் பூட்டு, தாள், ரோவீனா எல்லாம் சொன்னார்.

"கௌலிங்கிட்ட நானா கேப்பேன்?" தோரா சிரித்தார். "அவர் பண்ணைக் கதவு வரைக்கும் போய்த்தான் திரும்புவேன். ஒரு தடவ அந்தாளு 'எங்கம்மா போற'ன்னாரு. 'நடந்து போறேன், கண்ணு தெரியலையா'ன்னேன். அதுக்கப்புறம் வாயே தெறக்கல. கொண்டாங்க பேனாவ."

வாசல்படியிலேயே நின்று, ஹெட்லி நீட்டிய சாட்சித் தாளின் நான்கு பக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மகன் நாரிச் நகரத்துல இருக்கான், அங்க வந்துடுன்னு சொல்லிட்டே இருக்கான். இன்னும் முடிவு பண்ணல. இங்க என்ன இருக்கு எனக்கு, அந்தக் குன்றத் தவிர? உள்ள வாங்க, தண்ணி கொதிக்குது. ஒரு வாய் தேநீர்."

"இல்ல இல்ல, உங்களுக்கு எதுக்குச் சிரமம். பஸ் வந்துடும்."

"சிரமம் ஒண்ணும் இல்லையே."

"பரவால்ல. ரொம்ப நன்றி."

பஸ் வர நாற்பது நிமிடம் இருந்தது, அது அவருக்கும் தெரியும். நிறுத்தத்தில் தூறலில் நின்றபடி நீல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை தெருவில் கால் வைத்துவிட்டுப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

மாவட்ட மன்றம் முடிவெடுக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அடுத்த ஆண்டு அக்டோபரில் பூட்டு போனது, பலகை போனது. மஞ்சள் அம்புக்குறி போட்ட கம்பம் ஒன்று நட்டார்கள். ரோவீனா ஹெட்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"தோராவோட சாட்சிதான் தூக்கி நிறுத்திச்சு. பாவம், நடக்க அவங்கதான் இல்ல. ஈஸ்டருக்கே நாரிச் போயிட்டாங்க. முகவரி வேணுமா?"

"வேணாம்மா. எதுக்குத் தொந்தரவு."

மறு ஞாயிறு அவர் ஏறினார். பண்ணையைக் கடக்கிறபோது ஒரு நாய் குரைத்தது, யாரும் வெளியே வரவில்லை. பள்ளப்பாதையில் பீச் மரத்து இலைகள் கணுக்கால் அளவு கிடந்தன. கோயிலில் உட்கார்ந்தார், சாப்பிட்டார். முன்பெல்லாம் ஆளில்லாத நாளில் அது வெறும் பாதை, அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. இப்போது அது தோரா பென்னிக் இல்லாத பாதை.

எப்போதும் அங்கேதான் திரும்புவார். அன்று திரும்பவில்லை. அந்தப் பக்கச் சரிவில் இறங்கினார். ஹேசல் புதர்கள், ஒரு வாய்க்கால், இரண்டு வயல். இருபத்து மூன்று வருடமாக எதிரே வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று அன்றுதான் பார்த்தார். இருபத்தைந்தே நிமிடம். பாதை நேராக நீல வாசலுக்குப் பின்புறம் போய் முடிந்தது. கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்தன. வாளியோடு ஓர் இளம்பெண் வெளியே வந்தாள்.

"யாரத் தேடுறீங்க?"

"யாரையும் இல்லம்மா. பாதை இங்க வரைக்கும் வருதான்னு பாக்க வந்தேன்."

"வருதுங்க," என்றாள் அவள். "நல்லாவே வருது."

அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு, வந்த வழியே மேலே ஏறத் தொடங்கினார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் உள்ளே வந்து உட்காரட்டும். நீங்கள் வராத நாளில், ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் இருக்கட்டும். உங்கள் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கட்டும், கோப்பைகள் எப்போதும் ஒன்றுக்கு மேலாகவே இருக்கட்டும்.