நின்று வெட்டும் டாக்டர்

நாற்காலியில் உட்கார்ந்து லீவரை ஆட்டுகிறவன் உலகத்தின் எந்த மூலையிலும் தொழிலாளி ஆகமாட்டான். கோலா சாவா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஆட்களுக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருக்கும் இராஜமாணிக்கம் மாமா இதை ஆஸ்பத்திரியில், சட்டைப் பொத்தானைப் போட்டபடி அறிவித்தார்.

அவருடைய வலது நுரையீரலின் கீழ் மடலில் இரண்டு சென்டிமீட்டர் புற்றுநோய். சிகரெட்டே தொடாத மனிதர். பரவுவதற்குள் அந்த மடலை எடுத்துவிட்டால் பிழைத்துவிடலாம். எடுப்பதற்கு அவர் கையெழுத்து வேண்டும். அவரோ வெட்டுகிறவரை முதலில் சோதிக்க வேண்டும் என்றார்.

முப்பது வருடமாக அவர் ஆள் எடுப்பது அப்படித்தான். நாற்பதடி மரத்துக்குக் கீழே நிறுத்தி, நீளக் கம்பின் முனையில் அரிவாளைக் கட்டிக் கொடுத்து, ஒரு குலையை இறக்கச் சொல்வார். தேவையில்லாத மட்டையில் கீறல் விழுந்தால் ஆள் வீட்டுக்குப் போகலாம்.

டாக்டர் அமாலின் அறையில் செம்பனை மரம் இல்லாததால் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். அந்தம்மா பொறுமையாக விளக்கினார். அறுவைக்கு வீடியோ, ரோபோ என்று இரண்டு முறை உண்டு; இரண்டிலும் விலா எலும்புகளுக்கு நடுவே சின்னத் துளைகள்தான். வீடியோ முறையில் அவர் பக்கத்திலேயே நின்று, திரையைப் பார்த்து, நீளக் கருவிகளால் வெட்டுவார். ரோபோ முறையில் தள்ளி உட்கார்ந்து லீவர்களை அசைப்பார். கருவியின் முனை மணிக்கட்டு மாதிரி வளையும், படமும் ஆழத்தோடு தெரியும். செலவு கூடுதல். ஆள் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் இதுவரை தெரியவில்லை.

"வளையிற கம்பா?" மாமா அத்தை பக்கம் திரும்பினார். "நேர் கம்பால வெட்டத் தெரியாதவனுக்குத்தான் அது. நாற்காலி வேற. டீயும் குடுப்பாங்க லா."

"என்னங்க, உங்க நெஞ்சுல இருக்கிறது குலை இல்ல," என்றார் புனிதா அத்தை. "கையெழுத்தப் போடுங்க."

"ஒரே கேள்வி. டோக்டர், நின்னு எத்தன, உக்காந்து எத்தன?"

"நின்னு முந்நூறுக்கு மேல, அங்கிள். உக்காந்து ஒம்பது."

யாரும் எதிர்பார்க்காத விதத்தில் அது நல்ல கேள்வியாகிவிட்டது. கருவியைவிட அதில் பழகிய கைதான் முக்கியம் என்று டாக்டரே சொன்னார். கட்டி இருக்கும் இடமும் வீடியோ முறைக்கு வசதிதானாம். மாமா கையெழுத்துப் போட்டார், டாக்டரை வேலைக்கு எடுத்துக்கொண்ட முகத்தோடு.

அறுவையில் அந்த நுரையீரல் மடல் முழுசாக வெளியே வந்தது. நிணநீர்க் கணுக்கள் சுத்தம், எங்கும் பரவவில்லை. அத்தை ஆஸ்பத்திரி கேண்டீனில் முன்பின் தெரியாத நான்கு பேருக்கு மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். மாமா நாலாம் நாளே வீடு திரும்பி, வந்தவர்களுக்கெல்லாம் மூன்று தழும்புகளைக் காட்டினார். எல்லாம் நின்றே வெட்டியது, உட்கார்ந்து வெட்டியிருந்தால் கதை வேறு என்றார். பக்கத்து ஊரான மம்பாவிலிருந்துகூட ஆள் வந்து பார்த்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போக டாக்டர் அனுமதித்தார். கம்பு தூக்க மட்டும் இன்னும் கூடாது. நிர்வாகம் அவரை இரும்புக் கையால் குலை அள்ளும் மினி டிராக்டருக்கு மாற்றியது. சும்மா மேற்பார்வைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு நான் அவருக்கு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு எடுத்துப் போனேன். மாமா டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு லீவரை ஒரு விரல் அளவு தள்ளினார். இரும்புக் கை இருபது கிலோ குலையை ஒரு பழம் உதிராமல் தூக்கி டிரெய்லரில் வைத்தது. மூச்சு சீராக வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இருக்கையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த குலைக்குக் கையை நீட்டினார்.