மூச்சு மூடி

காரின் முன்விளக்கை ரொட்டி அடுப்புக்குள் வைத்து எட்டு நிமிடம் ஆகியிருந்தது. பசைக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு அடுப்பின் கதவைத் திறந்தார். சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை சமையலறையைத் தாண்டி மாடிப்படி வரை போயிற்று. விளக்கை மடியில் விரித்திருந்த பழைய போர்வைமேல் கிடத்தி, கண்ணாடிக்கும் கூட்டுக்கும் நடுவே மரச்சிம்பைச் செருகி, நோகாமல் நெம்பினார். கறுப்புப் பசை இழை இழையாக நீண்டு அறுந்தது. கண்ணாடி தனியாகக் கையோடு வந்துவிட்டது.

அந்த மின் அடுப்பு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில் ஒரு ரொட்டிகூட வெந்ததில்லை. 'விருந்தாளி வந்தா விளக்கைத்தான் சுட்டுப் போடணும்' என்று மனைவி அடிக்கடி குத்திக்காட்டுவாள். ஆனால் இந்த ஒரு வருடமாக வீடு ஓடியதில் பாதி அந்த அடுப்பால்தான்.

அதற்கு முன் பதினான்கு வருடம் விளக்குத் தொழிற்சாலையில் பசை வரிசை. கூட்டின் விளிம்பில் ஓடும் பள்ளத்தில் பசையை நிரப்பி, கண்ணாடியைப் பொருத்தி, கடைசி மூலையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, இடப்பக்கம் தள்ளிவிட வேண்டும். ஒரு விளக்குக்கு நாற்பது விநாடி. பிறகு இயந்திரக் கை ஒன்று வந்தது. அது இருபது விநாடியில் முடித்தது, தேநீருக்கும் எழுந்து போகவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது கார்க்காரர்கள் தேடி வருகிறார்கள். ஒருவனுக்கு விளக்கின் உட்புறம் கறுப்பாக வேண்டும், இன்னொருவனுக்குப் பின்விளக்கு புகை மூட்டமாகத் தெரிய வேண்டும். எல்லாருக்கும் அவர் சொல்லும் பேச்சு ஒன்றுதான்: "திறந்த தடயமே இருக்காது. கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது." சொல்லும்போது அவருக்கு மீசை கொஞ்சம் மேலே ஏறும்.

அன்று சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தாள். அவள் இன்னும் அதே தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறாள். செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நாப்பத்தொண்ணை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க."

நாற்பத்தொன்று மாடிவீட்டுப் பெண். தொழிற்சாலையில் விளக்குகளைச் சோதித்து அனுப்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு முத்திரை எண் உண்டு. நாளடைவில் பெயர் போய் எண்ணே நின்றுவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று அவளுக்குப் பெயர்.

"என்ன பண்ணிச்சு அது?"

"ஒரு விளக்கு திரும்பி வந்திருக்கு. உள்ள ஒரே தண்ணி. மீன் வளர்க்கலாம், அவ்வளவு தண்ணி. பின்னாடி மூச்சு மூடியே இல்லையாம். கூட்டு மேல இருக்கறது இவளோட முத்திரை. மூடி இல்லாததை எப்படி அனுப்புனேன்னு கேட்டா, அது என்னத்தைச் சொல்லும்? கார்க் கம்பெனிக்காரன் தப்பு செஞ்சது யாரு, ஒரு ஆளைக் கொடுன்னு கேட்டானாம். கொடுத்துட்டாங்க."

விளக்கு எரிந்தால் உள்ளே காற்று விரியும், அணைந்தால் சுருங்கும். அது போய்வரக் கூட்டின் பின்னால் சிறு ஓட்டை உண்டு. தூசியும் தண்ணீரும் புகாமல் அந்த ஓட்டையை மூடும் விரல்நுனி அளவு ரப்பர்தான் மூச்சு மூடி. கொக்கி போட்டுப் பிடித்திருக்கும், தானாகக் கழன்று விழாது.

"வெளிய யாராவது திறந்திருப்பாங்க" என்றார் பசைக்காரர், சும்மா பேச்சுக்கு.

"அதையும் பார்த்துட்டாங்க. யாரும் திறக்கவே இல்லையாம். ரெண்டு வருஷத்துக்கு முந்தின விளக்கு, நீங்க இருந்தப்ப போனது. பசை போட்டது போட்டபடி இருக்கு, மூலையில உங்க கட்டைவிரல் தடம் கூட அழியலைன்னு சூப்பர்வைசர் எல்லாருக்கும் காட்டினாரு. அந்தக் கவலையிலயும் எனக்கு உங்களை நினைச்சு ஒரு பெருமைதான் போங்க."

பசைக்காரர் நிமிர்ந்தார். "எந்தப் பக்கத்து விளக்கு?" என்று கேட்டார்.

"வலது."

பழைய கார் புரோக்கர் கொண்டுவந்த வலது விளக்கு. அதற்குள் ஊதா விளக்குப் பட்டி ஒன்றை வைத்துக்கொடுத்தவர் அவர்தான். கம்பி வெளியே வர வேறு வழியில்லாமல், மூச்சு மூடியைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக விட்டிருந்தார். இரண்டு மாதம் முன்பு புரோக்கர் மறுபடி வந்து, காரை வாங்க ஆள் கிடைத்திருக்கிறது, பழையபடி ஆக்கிக்கொடு என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான். பட்டியை எடுத்தாயிற்று, கம்பியை உருவியாயிற்று, பசை போட்டாயிற்று. கட்டைவிரலால் அழுத்திவிட்டு, மேசையில் இடப்பக்கம் தள்ளினார். தொழிற்சாலையில் இடப்பக்கம் தள்ளினால் அடுத்த இருக்கைப் பெண் எடுத்து மூடி போடுவாள். வீட்டு மேசையில் இடப்பக்கம் புரோக்கர்தான் நின்றான். எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவர் எழுந்து போய்த் திருகாணி டப்பாவைக் கவிழ்த்தார். திருகாணிகளுக்கு நடுவே மூடி கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து மனைவி முன் நீட்டினார். அவளும் பெட்டி கட்டுகிறவள்தானே, பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

அவள் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் இருக்கா? வேலை செய்யறவங்களோ அவங்க வீட்டு ஆளுங்களோ வெளிய விளக்கு வேலை பார்த்தா, அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவோம்னு போட்டிருந்துச்சே."

"ஞாபகம் இருக்கு."

"நீங்க சொன்னா அது உள்ள போகும், நான் வெளிய வருவேன். அப்புறம் இது ஒண்ணை மட்டும் நம்பி வீடு ஓடுமா?" அடுப்பைப் பார்த்துக் கையை நீட்டினாள், நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டாள். "ஒரு வருஷமா வாடை மேல போய்க்கிட்டுதான் இருக்கு. அந்தப் பொண்ணு தொழிற்சாலையில மூச்சு விட்டதில்ல." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தான் எதற்காக அழுகிறோம் என்று சொல்ல அவளுக்கும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் பசைக்காரர் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தொழிற்சாலை வாசல் வரை போனார். காவலாளி அவரைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தார்.

"என்ன பசைக்காரரே, ஆளையே காணோம்! உள்ள யாரையாவது பார்க்கணுமா?"

"இல்ல, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

கேட்டைத் தாண்டி மனைவியின் பிரிவில் அட்டைப்பெட்டிகள் ஏறுவது தெரிந்தது. அவர் திரும்பி நடந்தார். தன் முதுகே தன்னைப் பார்த்துக் காறித் துப்புவதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தார். அதன்பின் மூன்று நாள் அடுப்பின் சுவிட்சைப் போடவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் சமையலறைக்குள் ஒதுங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் மாடிவீட்டுப் பெண் நேரே சமையலறைக் கதவுக்கே வந்துவிட்டாள். கையில் கனமான துணிப்பை.

"அண்ணா, வேலையா இருக்கீங்களா?"

"வாம்மா, உள்ள வா." குரல் அவருக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

அவள் பையிலிருந்து விளக்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே தண்ணீர் வற்றி, வெள்ளைக் கறை மட்டும் படிந்திருந்தது. மூலையில் அவருடைய கட்டைவிரல் தடம்.

"குப்பைத் தொட்டியில போட்டிருந்தாங்க. காவலாளி அண்ணன்கிட்டக் கெஞ்சி எடுத்துக்கிட்டு வந்தேன். இது நீங்க இருந்தப்ப நம்ம வரிசையில போனது. உங்க கை இது, பார்த்தாலே தெரியுது, எவ்வளவு சுத்தமா இருக்கு. அதான் உங்ககிட்டயே கேட்கலாம்னு வந்தேன்." அவள் விளக்கைத் திருப்பி வெற்று ஓட்டையைக் காட்டினாள். "நாலு நாளா யோசிச்சுப் பார்க்கறேன்ணா. மூடியைத் தொட்டுப் பார்க்காம நான் முத்திரை வெச்சதே கிடையாது. அப்படித்தான் எனக்கு நினைப்பு. நீங்க மனசுல வெச்சுக்காம சொல்லுங்க. நான் பார்க்காம விட்டிருப்பேனா?"

மனைவி கதவோரம் வந்து நின்றாள். பசைக்காரர் அவளைப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டை வரை வந்தது. 'நான்தான்மா' என்று ஒரே வார்த்தை. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

"சின்ன மூடி. நாளைக்கு நூத்துக்கணக்குல பார்க்கறே. எப்பேர்ப்பட்டவங்களுக்கும் ஒண்ணு ரெண்டு தப்பிடும்மா."

"அப்ப தப்பித்தான் போயிருக்கும்கறீங்க."

அவர் விளக்கின் ஓட்டையை மேசைப்பக்கம் திருப்பி வைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். வந்தபோது முகத்தில் இருந்த கோபம் சட்டென்று வடிந்துபோயிற்று. "நீங்களே சொன்னா சரியாத்தான் இருக்கும். பாவம் அந்த சூப்பர்வைசரை, நான் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துட்டேன். பழியை என் தலையில கட்டறான்னு. அப்ப என் கண்ணுதான். எனக்கும் வயசாகுது, தெரியாமயே இருந்திருக்கு." பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "விளக்கு இங்கயே இருக்கட்டும்ணா, உங்களுக்காவது ஆகும். வரேன் அக்கா."

மனைவி "இரு, டீ போடறேன்" என்றாள். அதற்குள் அவள் வெளியே போய்விட்டாள்.

பசைக்காரர் கதவு வரை போனார். கூப்பிட வேண்டும் என்றுதான் போனார். அவள் மாடிப்படியின் முதல் திருப்பத்தில், சன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். இடது உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக்கடைப் பலகையைப் படித்தாள். முதலில் கடையின் பெயர். அதன்கீழ் முகவரி. அதற்கும் கீழே, அவருக்கு வெறும் கோடாகத் தெரிந்த தொலைபேசி எண். ஒவ்வோர் எண்ணாக, உதடு அசைய, தடுமாறாமல் படித்து முடித்தாள். பிறகு கையை மாற்றி மறு கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.