உப்புக் கிணறு

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் எங்கள் தேவாலயக் கிணறு உப்பாகிவிட்டது. எங்கள் சபையைச் சேர்ந்த எபனேசர் தினமும் விடியலில் வந்து, வாளி வாளியாக அதை இறைத்து ஊற்றுவான். போதகனான நான் அவனை மெச்சிப் பிரசங்கம் வேறு செய்தேன். மடத்தனம். எட்டு மாதம் இறைத்தும் தண்ணீர் கரித்தது. அப்பமும் இரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கும் அவன் பீடத்தின் முன்னே வருவதில்லை.

கிணறுகளைச் சோதிக்க வந்தவர்கள் சொன்னதை அவனிடம் சொன்னேன்: "இறைக்க இறைக்கக் கடல்தான் உள்ளுக்கு வருதாம். விட்டிரு. மழை வந்தா தானா மாறும்."

"சும்மா இருக்க ஏலாது ஐயா," என்றான். "அலை வந்தண்டு நான் தென்னையக் கட்டிப் பிடிச்சிருந்தன். பக்கத்து வீட்டு நேசம்மா என்ட காலைப் பிடிச்சா. உதறிப்போட்டன். அவ போயிற்றா."

கயிற்றை அவன் கையிலிருந்து பறித்தேன்.

"இதுக்கு நீ எத்தின வாளி இறைப்பாய்? உன்னை நீதிமானாக்கிறது உன்ட வேலையில்ல. அதுக்குத்தான் கிறிஸ்து செத்தார். அவரை நம்பு, போதும்."

அவன் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை.

கார்த்திகையில் மழை அடித்துப் பெய்து, யாரும் தொடாத கிணற்றில் உப்புக் குறைந்தது. அடுத்த திருவிருந்துக்கு எபனேசர் வந்து முழந்தாளிட்டான். கயிறு அறுத்த தழும்புகளோடு இரண்டு கைகளையும் வெறுமையாக நீட்டினான். அந்தத் தழும்புகளின் மேலேயே அப்பத்தை வைத்தேன்.