எழும்பாத பானட்

என் அக்காவின் காருக்குள் ஒரு பொய்யை வைத்தவன் நான். அதுவும் சும்மா இல்லை, பெருமையாக வைத்தேன்.

அக்கா வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்க்கிற நர்ஸ். ஒரு நாளைக்கு எட்டு வீடு. கார் இல்லாவிட்டால் அவளுக்குக் காலே இல்லாத மாதிரி. நான் பட்டறையில் கார் எலக்ட்ரீஷியன். அந்தக் காரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான். "ஆளு மேல மோதிட்டா பானட் தானா எழும்பும்க்கா, அடிபட்டவங்க தலை தப்பிச்சிடும்" என்று விற்கிறவனைவிட அதிகமாக அளந்தேன்.

அளந்தது பொய்யில்லை. நடந்து போகிறவர் மீது கார் மோதினால் பம்பர் முதலில் காலை வாரும். ஆள் அப்படியே பானட் மேல் சரிவார், தலை வந்து அதில் அடிக்கும். பானட் வெறும் தகடு, நசுங்கிக் கொடுக்கும். அதற்கு இரண்டு விரல் கீழே இருக்கிற இன்ஜின் யாருக்கும் விட்டுக்கொடுக்காது. அதனால்தான் பம்பரில் ஒரு சென்சார். மோதிய கணமே பானட்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு லிஃப்டர்கள் பட்டாசு போல வெடித்து, அதை அரைச் சாண் தூக்கிவிடும். அந்த அரைச் சாண்தான் உயிர். ஒருமுறை வெடித்த லிஃப்டர் மறுபடி உதவாது, புதிது போட வேண்டும்.

போன வருடம் பலத்த காற்றில் தெருவில் உருண்டு வந்த குப்பைத்தொட்டி மேல் அக்கா மோதினாள். கார் அதை மனிதன் என்று நினைத்துப் பானட்டைத் தூக்கிவிட்டது. "குப்பைத்தொட்டிக்குக் கிடைச்ச மரியாதையைப் பாருங்கடா" என்று பட்டறையே சிரித்தது. புது லிஃப்டர் வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை சிவப்பு விளக்கு எரியும், மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

"மூணு மாசம் இந்த மணியைக் கேட்டா நானே பேஷன்ட் ஆயிடுவேன்டா" என்றாள் அக்கா.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். பானட்டை அமுக்கி உட்கார வைத்தேன். வெடித்த லிஃப்டர்களைக் கழற்றிவிட்டு, அந்த ஒயர்களில் நகக்கண் அளவு இரண்டு ரெசிஸ்டர்களைச் செருகினேன். லிஃப்டர் இருக்கிறது என்று கார் நம்பிவிட்டது. விளக்கு அணைந்தது. அக்காவிடம், "சரி பண்ணிட்டேன்" என்றேன். என்ன பண்ணினேன் என்று சொல்லவில்லை. புதுசு வந்ததும் மாற்றப்போகிறோம், அவளை எதற்குப் பயமுறுத்துவது?

புதுசு வந்தது. அவள் வந்தால் நான் இல்லை, நான் இருந்தால் அவளுக்கு வேலை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஏழு மாதம் ஓடியது. விளக்குதான் எரியவில்லையே, யாருக்கு ஞாபகம் வரும்?

ஒரு மழை மதியம், நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு தையல்காரர் சட்டென்று சாலையில் கால் வைத்தார். அக்கா பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை. அவர் தலை பானட்டில் அடித்தது. அந்த மழையிலும் பதற்றத்திலும் பானட் எழும்பியதா என்று யாரும் கவனிக்கவில்லை, அக்காவும்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

காரை எங்கள் பட்டறையில்தான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வாகன ஆய்வாளர் காலை பத்து மணிக்கு வருகிறார் என்றார்கள். நான் ஏழு மணிக்கே பட்டறையைத் திறந்தேன். ரெசிஸ்டர்களைப் பிடுங்கினேன். கழித்துப் போட்டிருந்த பழைய லிஃப்டர்களைத் தேடியெடுத்து மாட்டினேன். பானட்டின் பின்பக்கத்தை நெம்பி உயர்த்தினேன். அன்றைக்குத்தான் வெடித்தது போலக் கச்சிதமாக இருந்தது. அக்காவுக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமெல்லாம் எனக்காகத்தான்.

ஆய்வாளர் கருவியைச் செருகிப் பார்த்தார். பானட்டைத் தூக்கச் சொன்னதாகக் காரின் கம்ப்யூட்டர் பெட்டியில் பதிவு இருந்தது. குப்பைத்தொட்டி மோதிய நாளா, இந்த நாளா என்று தேதியைக் குறித்துவைக்கிற ரகம் இல்லை அந்தப் பெட்டி.

"சிஸ்டம் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு" என்றார். "பானட் எழும்பியும் மண்டை இப்படி உடைஞ்சிருக்குன்னா, அறுபதுக்குக் கொறையாம வந்திருக்காங்க."

அந்தத் தெருவில் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. என்னைக் காப்பாற்றப் போய் அக்காவை மாட்டிவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

முப்பத்தைந்தில்தான் போனேன் என்று அக்கா தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். யாரும் நம்பவில்லை. "நீ எப்பவும் கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி ஓடுறவதானே" என்றார் அத்தான்.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். யூனிஃபார்ம்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், திருப்பிக் கொடுப்பதற்காம்.

"தையல்காரர் சம்சாரத்தைப் பார்த்துட்டு வந்தேன். வேகமா வந்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். கோர்ட்லயும் அதையே சொல்லிடப் போறேன்."

"நீ வேகமா போகலையேக்கா."

"முப்பத்தஞ்சுன்னுதான் ஞாபகம். ஆனா மெஷின் பொய் சொல்லுமா? எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சுடா."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். ரெசிஸ்டர், பழைய லிஃப்டர், காலை ஏழு மணி, ஒன்றையும் விடவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்போ நான் வேகமா போகலையா?"

"போகலக்கா."

"நிஜமா?"

"சத்தியமா."

யூனிஃபார்மில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"பானட் எழும்பியிருந்தா அந்த மனுஷன் பொழைச்சிருப்பாரா?"

"உறுதியா சொல்ல முடியாது..."

"உனக்குத் தெரியும். சொல்லு."

"அந்த வேகத்துல... பொழைச்சிருப்பாருக்கா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆய்வாளர் அலுவலகம் வரை நடந்தே போனோம். வழியெல்லாம் அவள் பத்தடி முன்னால் போனாள், நான் பின்னால்.

ஆய்வாளர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார், முகம் சுருங்க மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தார். பிறகு புதுத் தாள் எடுத்து எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனாவை நிறுத்தி அக்காவிடம் கேட்டார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்.

"யாருமில்லைங்க. வண்டி ரிப்பேர் பண்றவரு."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.